ராகிக் குழியைத் திறந்த சித்திரை

எங்கள் வீட்டில் 1942-க்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று அப்பாவுடையது. இரண்டும் அதே சில மாதங்களைப் பற்றியவைதான், ஒரே கூரையின் கீழ் நடந்தவைதான். ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டவே ஒட்டாது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஜப்பான் குண்டுக்குப் பயந்து சென்னையை விட்டுக் கிளம்பி, பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் வந்து இறங்கிய பட்டணத்துப் பெண். அப்பாவுக்குப் பதின்மூன்று. வந்தவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டுப் பையன். அம்மாவின் அப்பாவும் அப்பாவின் அம்மாவும் தம்பியும் அக்காளும். ஆக அம்மா வந்தது அத்தை வீட்டுக்கு. பிற்பாடு அந்த அத்தையே மாமியாரும் ஆனார். எனக்கு ஆயா.

யுத்தத்தின்போது பட்டணம் காலியான கதையை நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் கிளம்பிப் போனவர்கள் சொன்னது. அவர்கள் மூட்டை முடிச்சோடு போய் இறங்கிய வீடுகளில் சோறு வடித்தவர்கள் எதுவும் சொல்லி நான் படித்ததில்லை. எங்கள் ஆயாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. அவர் பங்கை இங்கே எழுதி வைக்கலாம் என்று பார்க்கிறேன். சொன்னவர்கள் மூவரும் இப்போது இல்லை. நான் தப்பாகச் சொன்னாலும் திருத்த ஆளில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் பட்டணத்துச் சங்கதி. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போனது, அதே மாதம் அந்தமானும் போனது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலை நிமித்தம் இருந்தே ஆக வேண்டியவர்கள் தவிர மற்றவர்கள் ஊரை விட்டுப் போவது நல்லது என்று அரசாங்கமே அந்த ஏப்ரலில் அறிவித்தது. அறிவித்த அரசாங்கம் தன் அலுவலகங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் போனது. அரசாங்கமே ஓடினால் ஜனம் நிற்குமா?

அம்மாவைப் பெற்ற தாத்தா சிந்தாதிரிப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. அவருக்குக் கிளம்ப அவ்வளவாக மனமில்லை. கிளப்பியது அவருடைய மாமியார். அந்தக் கிழவி 1914-ஐப் பார்த்தவர். அந்தச் செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி எம்டன் கப்பல் கடலில் நின்றபடியே துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. தொட்டி எரிந்த வெளிச்சம் ஊருக்கே தெரிந்ததாம். அப்போதும் பாதி ஊர் ஓடியது. "அன்னிக்கு வந்தது ஒத்தக் கப்பல். இன்னிக்கு ஆகாசத்துல வரானாம். உன் அக்கா ஊருக்கு ஒரு கார்டு போடு" என்றாராம். கார்டு ஊர் சேருமுன் இவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் அம்மா உயிர்க் காலேஜ் கதையைச் சொல்லாமல் நகர மாட்டார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் மிருகங்களைக் கூண்டில் வைத்திருந்த இடத்துக்குப் பட்டணத்தில் அதுதான் பேர். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் புலியும் சிங்கமும் தெருவுக்கு வந்துவிடும் என்று அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். இது நடந்தது நிஜம். அந்தச் சத்தத்தைத் தன் காதால் கேட்டதாக அம்மா சாதிப்பார். "அதுக்கு முன்னாடியே நீ எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தியே, எப்படிக் கேட்டே?" என்பார் அப்பா. கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்குப் பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை. எனக்கென்னவோ அப்பா சொல்வதே சரியென்று படுகிறது. ஆனால் ராத்திரியில் சிங்கம் உறுமுவது சிந்தாதிரிப்பேட்டைவரை கேட்கும் என்று அம்மா சொன்னதை நம்புகிறேன். தினமும் கேட்ட சத்தம் நின்றுவிட்ட பிறகு, அதற்கு ஒரு காரணச் சத்தத்தை மனசு தானாகவே சேர்த்துக்கொண்டிருக்கும்.

வருஷப் பிறப்பையொட்டி சென்ட்ரலில் ரயில் ஏறியவர்கள் தாத்தா, பாட்டி, அந்தக் கிழவி, அம்மா, அம்மாவின் தம்பிகள் இருவர். கூடவே எதிர்ப் போர்ஷன் அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும். அந்த அக்காவின் புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. நகர முடியாது. அவர்களுக்குப் போக ஊர் என்று ஒன்றும் இல்லை. குழாயடியில் பேச்சுவாக்கில் "எங்ககூட வாங்க" என்று பாட்டி சொல்லியிருக்கிறார். சொன்னதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இவர்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இறங்கியது மொரப்பூரில். அங்கே ஒரு வேடிக்கை. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906 முதல் ஒரு சின்ன ரயில் ஓடியது; பிறகு அதை ஓசூர்வரை நீட்டினார்கள். பாலக்கோட்டுக்காரர்களுக்கு அதுதான் வண்டி. தாத்தா பிழைப்புத் தேடிப் பட்டணம் போனதும் அந்த வண்டியில்தான். நஷ்டக் கணக்குக் காட்டி 1941-இல் அதை நிறுத்திவிட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஓடிய சின்ன ரயில் அதற்கும் முன்னாலேயே, 1936-இல் போய்விட்டது. பட்டணமே உள்நாட்டுக்கு ஓடி வந்த வருஷத்தில் உள்நாட்டுக்குப் போகும் ரயில் இல்லை. (மொரப்பூர்–தர்மபுரி பாதையை மறுபடி போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அப்பா இருந்திருந்தால் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பார்.)

மொரப்பூரிலிருந்து கரி பஸ். யுத்தத்தால் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் பஸ்ஸின் பின்பக்கம் ஒரு இரும்புப் பீப்பாயை மாட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தக் காற்றில் என்ஜினை ஓட்டினார்கள். கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே கிளீனர் பையன் பின்னால் நின்று காற்றாடியைச் சுற்ற வேண்டும். அவன் தலைமுடியிலிருந்து கால் நகம்வரை கறுப்பு, பல் மட்டும் வெள்ளை என்பார் அம்மா. மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். பாதி மேட்டில் நின்றுபோனால் தள்ளவும் வேண்டும். தர்மபுரி போய்ச் சேர்ந்தபோது இவர்கள் மூஞ்சியும் கிளீனர் மூஞ்சியும் ஒரே நிறம். அங்கிருந்து மாட்டுவண்டி. பொழுது சாய்ந்த பிறகு வாசலில் வண்டி நின்றதும் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த ஆயா, கரி பூசிய இத்தனை முகங்களைப் பார்த்து, "யாருடா இது, எந்த ஊர்க் கூத்து?" என்று கேட்டாராம். தம்பியையே அடையாளம் தெரியவில்லை.

தாத்தா இரண்டு நாளில் திரும்பிப் போய்விட்டார். அச்சகம் மூடவில்லை. அப்போது அங்கே அதிகம் அச்சடித்தது 'வீடு வாடகைக்கு' அட்டைகளைத்தான் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இனி அம்மாவின் வரலாறு. அதில் முதல் அத்தியாயம் களி.

பட்டணத்தில் அரிசி. அதிலும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசிதான் ஏழை எளியதுகளுக்கு. ரங்கூன் விழுந்ததும் அது நின்றது. இங்கேயோ நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்றபடி ராகி, சாமை, கம்பு. வந்த மறுநாள் மத்தியானம், ஆயா அடுப்பங்கரையில் உட்கார்ந்து பானையில் கொதிக்கும் நொய்யில் ராகி மாவைக் கொட்டி, பானையை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கிண்டிய காட்சியை அம்மா எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து, ஆவி பறக்க உருண்டை பிடித்து, ஆளுக்கொன்று வைத்தார். நடுவில் குழி. குழியில் கீரைக் கடைசல்.

அம்மா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். மெல்ல மெல்லப் பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் நீர். எதிரில் உட்கார்ந்திருந்த அத்தை மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "களியை மென்னு தின்னுது பாரு பட்டணத்து மாடு!" களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே தொண்டைக்குள் விட வேண்டும். பல் படக்கூடாது. இதை ஆயா ஒரு வார்த்தை பேசாமல், தன் கையால் கிள்ளி, புரட்டி, அம்மாவின் வாயில் வைத்து, மோவாயைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டுக் கற்றுக்கொடுத்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியதாம். அந்த வருஷத்தில் யுத்தத்தைப் பற்றி உனக்கு என்னம்மா ஞாபகம் என்று கேட்டால், அம்மா இதைத்தான் சொல்வார்.

இரண்டாவது, கவலை இறைப்பு. கிணற்றிலிருந்து சாலில் தண்ணீர் இறைக்க மாடுகள் சரிவில் இறங்கும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார், பாரத்துக்கு. அந்த வடத்தில் பிள்ளைகளும் தொற்றிக்கொண்டு இறங்கலாம். இறங்கி ஓடி, மறுபடி மேலே வந்து, மறுபடி தொற்றி. மெரினாவில்கூட இப்படி ஒரு சுகம் கிடைத்ததில்லையாம். பள்ளிக்கூடம் கிடையாது, குண்டு விமானம் வருகிறதென்று ஊதும் சங்கு கிடையாது, ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்ட வேண்டியதில்லை. விளக்கை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. மறைப்பதற்கு விளக்கே ஏது? மண்ணெண்ணெயும் பர்மாவிலிருந்து வந்த சரக்குத்தான். ஆமணக்கெண்ணெய் அகல் ஒன்று, அதுவும் சாப்பிட்டு முடிக்கும்வரை. மொத்தத்தில் அம்மாவுக்கு 1942 என்பது ஒரு நீண்ட கோடை விடுமுறை.

அப்பாவின் வரலாற்றில் விடுமுறை இல்லை. அவர் திண்ணைக்குத் துரத்தப்பட்டார். அவர் போர்வை பட்டணத்துக் கிழவிக்குப் போனது. தண்ணீர் சுமக்கும் நடை இரட்டிப்பானது. திருகையில் ராகி அரைப்பது பெண்கள் வேலை. ஆனால் விடியற்காலையில் ஆரம்பித்தாலும் இத்தனை வாய்க்கு மாவு போதாமல் அவரும் அவர் தங்கையும் முளைக்குச்சியைப் பிடித்துச் சுற்ற வேண்டியதாயிற்று. "உங்க அம்மா வடத்துல ஊஞ்சலாடினா இல்ல, அந்தத் தண்ணி எந்த வயலுக்குப் பாஞ்சது, எதுக்குப் பாஞ்சதுன்னு அவளுக்குத் தெரியுமா? கேளு" என்பார்.

அதற்கப்புறம் குழி.

எங்கள் பக்கம் ராகியைக் குதிரில் கொட்டி வைப்பதுண்டு. அதிகம் விளைந்தால் பூமியில் குழி வெட்டிப் புதைப்பதும் உண்டு. சுக்கான் கலந்த கெட்டி மண்ணாகப் பார்த்து வெட்டுவார்கள். வாய் ஒரு ஆள் இறங்கும் அளவுதான். உள்ளே பானை வயிறாக அகன்றிருக்கும். சுற்றிலும் வைக்கோல் தாள் பரப்பி, ராகியைக் கொட்டி, மேலேயும் தாள் போட்டு, பலகைக்கல்லால் மூடி மண் போட்டு மெழுகிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. ராகியைப் பூச்சி தொடாது. அது தின்பதற்கு வைத்தது அல்ல. மழை பொய்த்தால் எடுப்பதற்கு வைத்தது. சேலம் ஜில்லாவில் (1965 வரை நாங்கள் எல்லாம் சேலம் ஜில்லாதான்) 1876–78 தாது வருஷப் பஞ்சம் அப்படி அடித்திருக்கிறது. ஆயாவின் பாட்டி அதில் தப்பிப் பிழைத்தவர். குழியைத் திறப்பது என்பது அந்த வீட்டில் லேசாகப் பேசுகிற பேச்சில்லை. திறந்தாலும் ஆடி ஆவணியில், புது விளைச்சல் வருவதற்கு முந்தின இல்லாமையில்தான் திறப்பார்கள்.

அந்த வருஷம் சித்திரை முடிவதற்குள் திறந்தார்கள்.

அப்பா அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். கல்லை நகர்த்தியதும் குப்பென்று ஒரு சூடும் புளித்த நெடியும் மேலே வந்தது. உடனே யாரும் இறங்கக்கூடாது. உள்ளே இருக்கும் காற்று ஆளைக் கொன்றுவிடும். ஒரு நாள் திறந்து போட்டார்கள். மறுநாள் காலையில் ஆயா ஒரு அகலை ஏற்றி, கயிறு கட்டிய பறியில் வைத்து, மெல்ல இறக்கினார். பாதியில் சுடர் அலைந்து அணைந்தது. முறத்தால் விசிறி, சாயங்காலம் மறுபடி இறக்கினார். இந்தத் தடவை அடிவரை எரிந்தது. அப்புறம்தான் இடுப்பில் கயிறு கட்டி அப்பாவை இறக்கினார்கள், சின்ன உடம்பு என்று. உள்ளே நின்றால் கணுக்காலில் ராகி கதகதவென்று இருந்ததாம். முறத்தில் வாரி வாரிப் பறியில் போட்டுக் கொடுத்தார். ஆயா மேலே நின்று வள்ளத்தால் அளந்தார். ஒவ்வொரு வள்ளத்துக்கும் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு.

குழி ராகியில் களி கொஞ்சம் கறுப்பாக இருக்கும், ஒரு வாசம் அடிக்கும். பிள்ளைகள் முகம் சுளித்தன. கிழவி "இது என்ன பூமி நாத்தம்?" என்று கேட்டுவிட்டார். ஆயா பதில் சொல்லவில்லை. அன்றைக்குத் தானும் அதையே தின்று முடித்து, கழுவி வைத்துவிட்டு, கொல்லைக்குப் போய் அழுததை அப்பா பார்த்தார். அம்மாவுக்கு இது பல வருஷம் தெரியாது. அப்பா சொன்ன நாளில் அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று.

சரி, எதிர்ப் போர்ஷன் அக்கா.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரே குழாய், ஒரே முற்றம். யார் என்ன சாதி என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் குழாயடியில் அது குடத்தைத் தள்ளி வைக்கிற அளவுக்குத்தான். எங்கள் கிராமத்தில் அப்படி இல்லை. கிணறுகள் வேறு வேறு. வண்டி வந்து நின்ற மறுநாளே ஊர்ப் பெரியவர்கள் இருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, சுற்றி வளைத்து, கடைசியில் கேட்டார்கள்: "கூட வந்திருக்கிற அந்தப் பொம்பளை யாரு?" உள்ளே அந்த அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார், எல்லாம் கேட்டிருக்கும். ஆயா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என் தம்பி பொண்டாட்டிக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி" என்றார். பொய்யை அவர் ஒரு தடவைதான் சொன்னார். மற்றவர்கள் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு முறை சொல்லிக் கொடுத்தார்கள்: அம்மா அந்த அக்காவைச் சித்தி என்று கூப்பிட வேண்டும். ஒரு நாள் வாய் தவறி, கிணற்றடியில் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டார். ஆயா வீட்டுக்கு வந்து அம்மாவின் தொடையில் கிள்ளிய கிள்ளு, ஐம்பது வயதிலும் அந்த இடம் எது என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஆயா பெரிய சீர்திருத்தக்காரர் ஒன்றும் இல்லை. பின்னாளில் எங்கள் வீட்டில் நடந்த வேறு விஷயங்களில் அவர் நடந்துகொண்ட விதத்தை வைத்துச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தவளை வெளியே அனுப்புவதில்லை என்ற ஒன்று அவருக்குள் இருந்தது. அதற்காக ஊரைப் பொய் சொல்லி ஏமாற்றலாம், அதில் பாவமில்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஜப்பான்காரன் வரவில்லை. ஏப்ரல் 9-இல் திருகோணமலையைத் தாக்கிவிட்டு அந்தக் கப்பற்படை கிழக்கே திரும்பிப் போய்விட்டது. அதில் இருந்த விமானந்தாங்கிகளில் மூன்று, ஜூனில் மிட்வே சண்டையில் பசிபிக் கடலில் மூழ்கின. இவர்கள் பட்டணத்திலிருந்து கிளம்பும்போதே ஆபத்து விலகிப் போய்க்கொண்டிருந்தது. அது அங்கே யாருக்குத் தெரியும்? சென்னையில் குண்டு விழுந்தது அதற்கு அடுத்த வருஷம், 1943 அக்டோபரில். ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் போட்டுவிட்டுப் போனது. அதற்கு ஊர் பெரிதாக ஓடவில்லை. "ஜப்பான்காரன் வருவான்னு பார்த்தோம், உங்க அம்மாதான் வந்தா" என்று அப்பா சொல்லி முடித்ததும் வீட்டில் எல்லோரும் சிரிக்க வேண்டும். அது சட்டம்.

ஆடி கழிந்து திரும்பிப் போனார்கள். எதிர்ப் போர்ஷன் அக்கா போகும்போது ஆயாவின் காலில் விழுந்தார், "ஏம்மா, தங்கச்சி கால்ல விழுவாளா? எழுந்திரு" என்று வாசலில் ஊரே கேட்கிற மாதிரி ஆயா சத்தம் போட்டார்.

அம்மாவின் சின்னத் தம்பி கூடவே ஒன்றைக் கொண்டுபோனான். அடுத்த வருஷக் கோடையில் அவன் கணுக்காலில் ஒரு கொப்புளம் வந்து உடைந்தது. உள்ளிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. பட்டணத்தில் யாருக்கும் புரியவில்லை, தாத்தாவுக்கு மட்டும் பார்த்ததும் புரிந்தது. நரம்புச் சிலந்தி. எங்கள் பக்கம் படியில் இறங்கி மொள்ளும் கிணறுகளில் இருந்த நோய். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி; அதோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும் புழு, உடம்புக்குள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலில் வெளியே வரும். இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும். ஈர்க்குச்சியில் சுற்றி, தினம் விரற்கடை அளவு சுற்றிக்கொண்டே வர வேண்டும். தாத்தா அச்சகத்துக்குப் போகுமுன் தினமும் பையனை உட்கார வைத்துச் சுற்றினார். அந்த நோய் இப்போது இல்லை. 2000-இல் உலக சுகாதார நிறுவனமே இந்தியாவில் ஒழிந்தது என்று சான்று கொடுத்துவிட்டது. மாமாவின் கணுக்காலில் தழும்பு கடைசிவரை இருந்தது. யுத்தத்தில் எனக்குக் காயம் பட்டது என்று பேரப்பிள்ளைகளிடம் காட்டுவார்.

ஆயா பட்டணத்து ஆட்களிடம் எதுவும் கேட்கவில்லை. தாத்தா எப்போதாவது பத்து ரூபாய் மணியார்டர் அனுப்பினார் என்று நினைவு. அந்த வருஷம் முழுக்க, குழி காலியாக இருக்கிறதே என்ற பயத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அப்பா சொன்னார். நல்ல வேளையாக மழை பெய்தது. சுவரில் போட்ட சுண்ணாம்புக் கோடுகளை மட்டும் ஆயா அழிக்க விடவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு முழம் சுவரை விட்டுவிட்டு அடிப்பார்கள்.

1951-இல் கல்யாணப் பேச்சு. பையனுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. தாத்தாவிடம் காசில்லை. சீர் என்ன செய்வது, நகை எத்தனை போடுவது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்திருக்கிறார். ஆயா எழுந்து, தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவருக்கு எதிரில் நிறுத்தினார். "இதை எண்ணுடா" என்றார். எழுத்துக் கோக்கிற கண் இல்லையா, தாத்தா விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். பாதிக்கு மேல் அவரால் எண்ண முடியவில்லை. "நீ ஒண்ணும் சீர் பண்ண வேணாம். பொண்ணைக் குடுத்துட்டுப் போ. இது நேராயிடும்" என்றார் ஆயா.

அம்மாவுக்கு இந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது. "அப்ப நான் ராகிக்கு ஈடா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "பின்ன? அதுவும் குழி ராகிக்கு" என்பார் அப்பா.